கடலுக்குள் போட்டாலும் கறள் பிடிக்காத கத்தி

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு யன்னலும் ஒழுங்காகச் சாத்தாது. கடற்காற்று பிணைச்சலைத் தின்றுவிடும். சைக்கிள் கம்பி, கிணற்றுக் கப்பி, கோயில் மணிச் சங்கிலி எல்லாவற்றிலும் துருவேறிக் கறள்தான். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, கறள் பிடிக்காத இரும்பு ஒன்று உண்டு என்று நாங்களும் நம்பினோம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அவன் கப்பலில் வந்து இறங்குவதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

நானும் என் புருஷனும் கிராண்ட்பாஸில் ஒரு ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தோம். தோட்டங்களிலிருந்து வரும் ரப்பரைத் தரம் பிரித்து, வெட்டி, பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பும் இடம் அது. பெண்களுக்கு வெள்ளைக் கிரேப் வேலை. பால் நிறத்தில் மெல்லிசாக இருக்கும் அந்த ரப்பர்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து, தூசோ பட்டைத் துணுக்கோ தெரிந்தால் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். நாங்கள் கண் நோகப் பொறுக்கி முடித்த தாள்களை அளவுக்கு வெட்டுகிறவர் இவர். சக்கரத்தைச் சுற்றினால் மேலேயிருந்து ஒரு நீளக் கத்தி இறங்கும். காய்ந்த கத்தியில் ரப்பர் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நாள் முழுக்க அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும்.

நாள் முழுக்க நனைகிற இரும்பு வேறு என்ன செய்யும்? கறள் பிடித்தது. வெட்டுவாயில் இருந்த கறள் கிரேப்பின் ஓரத்தில் மண்ணிறக் கோடாக இறங்கியது. ஒரு கோடு இருந்தால் போதும், பெட்டி முழுவதும் இரண்டாந்தரம். எண்ணெய் பூசி வைத்தால் எண்ணெய்க் கறை. சீமையிலிருந்து முறைப்பாடு வரும்போதெல்லாம் துரை பெரிய கிளாக்கரை ஏசுவார், பெரிய கிளாக்கர் இவரை ஏசுவார். இவர் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பார்.

கடைசியில் துரை சீமைக்கு எழுதிப் புதுக் கத்தி ஒன்றை எடுப்பித்தார். அது வந்த நாளில் வேலையை நிறுத்தி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் வெள்ளவத்தையிலிருந்து ரெயிலில் வருகிறவர், வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்புக் கலையாது. கத்தியின் அடியில் பொறித்திருந்த சின்ன மணி அடையாளத்தில் விரலை வைத்து, "இந்த மணி இருந்தால்தான் அசல். இது கறள் பிடிக்காத இரும்பு. கடலுக்குள்ளை போட்டாலும் பிடிக்காது" என்றார். சொன்னதோடு விடாமல் அன்றைக்கே அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைத்து, மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஏதோ அவரே உருக்கி ஊற்றிச் செய்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

இவருக்குப் புதுப் பெண்சாதி வந்த சந்தோஷம். என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை என்று நான் கேலி செய்வேன். கோடு விழுவது நின்றது, ஏச்சும் நின்றது. வீட்டில் சோறு செல்லத் தொடங்கியது.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்குத் தொழிலாளிகள் தங்கள் தங்கள் ஆயுதங்களைக் கொண்டுபோய் மந்திரித்து வருவது வழக்கம். துறைமுகத்துக் கொக்கி, தச்சனின் உளி, தையற்காரரின் கத்தரிக்கோல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கும். பங்குக் குருவான சுவாமி ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். தீர்த்தத்திலேயே உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார்கள். அது போதாதென்று எங்கள் கோயிலில் மந்திரித்த உப்பையும் ஆளுக்கொரு கடதாசிச் சரையாகச் சுற்றிக் கொடுப்பார்கள். தீர்த்தம் பட்ட பொருளைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். அது எங்கள் ஆட்கள் பிடித்த பிடி.

திருவிழாச் சனிக்கிழமையில் கத்தியைத் தீட்டக் கொடுக்கும் முறை வந்தது. தீட்டுகிற இடமும் கொட்டாஞ்சேனையில்தான். அந்தச் சனிக்கிழமை இவர் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலால் வெளியேறியதை எல்லோரும் பார்த்தார்கள். தீட்டி முடித்ததும் நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார். சுவாமி தாராளமாகத் தெளித்தார். இவர் அந்த ஈரத்தோடேயே ஒரு வெள்ளைத் துணியில் கத்தியைச் சுற்றி, உப்புச் சரையையும் உள்ளே அவிழ்த்துக் கொட்டி, இறுக்கிக் கட்டி எங்கள் வீட்டு மூலையில் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை. திங்களும் விடுமுறை.

செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் வைத்துத் துணியை அவிழ்த்தார். துணி மண்ணிறமாகிக் கத்தியோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது உப்புக் கிடந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அடிப்பக்கத்தில், துணி மடிந்து கிடந்த இடத்தில், கறள் பொருக்காகவே கட்டியிருந்தது.

பெரிய கிளாக்கர் வந்தார். கத்தியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"இது எங்கடை கத்தி இல்லை" என்றார்.

"அதே கத்திதான் ஐயா."

"எங்கடை கத்தி கறள் பிடிக்காது. இது பிடிச்சிருக்கு. மணி எங்கை? காட்டு பாப்பம்."

மணி பொருக்குக்குள் எங்கேயோ கிடந்தது. அதைச் சுரண்டிப் பார்க்க அவர் குனியவில்லை. கோட்டில் கறள் பட்டுவிடுமே. சனிக்கிழமை நல்ல கத்தி வெளியே போனது, செவ்வாய்க்கிழமை கறள் கத்தி உள்ளே வந்தது, ஆகவே அசலை விற்றுவிட்டுப் பழசு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். கணக்குச் சரியாக வந்துவிட்டது. துரையும் தலையை ஆட்டினார். இரும்பைச் சந்தேகிப்பதைவிட மனுசனைச் சந்தேகிப்பது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

"உன்ரை கத்தியை நீயே தூக்கிக்கொண்டு போ. பொலிசுக்குச் சொல்லாமல் விடுறன், அது என்ரை நல்ல மனசு" என்றார் பெரிய கிளாக்கர். வேலை போனது. என்னையும் மறுநாள் வரவேண்டாம் என்றார்கள்.

நான் கொதித்துப்போனேன். "உப்பாலைதான் கறள் பிடிச்சது எண்டு ஏன் நீங்கள் சொல்லேல்லை?" என்று வழி நெடுகக் கேட்டேன். கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தவர் திரும்பவில்லை.

"தீர்த்தம் பட்டுக் கெட்டுப்போச்சு எண்டு அந்தாளுக்கு முன்னாலை என்னைச் சொல்லச் சொல்லுறியோ? கோயிலையும் சேர்த்துச் சிரிப்பினம். நான் சொல்லமாட்டன்."

அவர் சொல்லாவிட்டால் சுவாமி சொல்லட்டும் என்று நான் போனேன். கத்தி கோயிலுக்கு வந்தது, அதில் உப்புத் தண்ணீர் பட்டது என்று துரைக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன். சுவாமி கண்ணை மூடிக் கேட்டார்.

"பிள்ளை, ஆசீர்வாதம் ஒரு பொருளைக் கெடுக்காது" என்றார்.

"ஆசீர்வாதம் கெடுக்காது சுவாமி. உப்புக் கெடுக்கும்."

அவருக்கு முகம் கறுத்தது. உன் விசுவாசத்துக்காக மன்றாடுகிறேன் என்று சொல்லி எழும்பி உள்ளே போய்விட்டார். கோயில் யன்னல் கம்பிகளில் கறள் அடை அடையாகத் தொங்கியது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நான் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.

இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். கத்திக்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட்ட ஒழுங்கை, இரண்டு பட்டது. பாதிப் பேர் அவர் களவெடுத்ததை நம்பவில்லை, பாதிப் பேர் எவ்வளவுக்கு விற்றாய் என்று பகிடியாகக் கேட்டார்கள். மற்றதெல்லாம் பொறுத்தார். கள்ளன் என்ற பேர் மட்டும் அவருக்குள் இறங்கிவிட்டது. பூசைக்குக்கூடக் கடைசி வரிசை வாங்கிலில் போய் இருந்தார்.

கத்தி அடுப்படி மூலையில் கிடந்தது. ஒருநாள் ஆத்திரத்தில் அதைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். தோள் விட்டுப்போகும் மட்டும் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். குழிகள் குழிகளாகவே இருந்தன, ஆனால் பொருக்கு உதிர்ந்தது. அடிப்பக்கத்தில் முதலில் ஒரு வளைவு தெரிந்தது. பிறகு மணியின் நாக்கு. பிறகு முழு மணி.

நான் ஈரக் கையோடு அப்படியே குந்தியிருந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். இவர் வேலையால் வரும் மட்டும் பொறுக்கவில்லை. கத்தியைப் பழஞ்சேலையில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு கிராண்ட்பாஸுக்கு நடந்தேன்.

பெரிய கிளாக்கர் மேசைக்கு முன்னால் சேலையை அவிழ்த்தேன். அதே மணி. வெயில் பட்டுப் பளிச்சென்றது.

"பாருங்கோ ஐயா. இதுதான் உங்கடை கத்தி. அவர் மாத்தேல்லை."

அவர் இந்தமுறை குனிந்து பார்த்தார். மணியை விரலால் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்ததை நான் வெட்கம் என்று நினைத்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் வீட்டிலைதான் ஒளிச்சு வைச்சிருந்தியள்" என்றார்.

அன்றைக்குக் கண்ட கறள், குழி, பொருக்கு எல்லாம் சொன்னேன். குழிகளைத் தொட்டுக் காட்டினேன். ஒளித்துவைத்த இடத்தில் எதிலோ மோதியிருக்கும் என்றார். கறள் பிடித்த கத்தி வேறு, இது வேறு, இரண்டையும் தான் கண்ணால் கண்டதாகச் சொன்னார். வாங்க ஆள் கிடைக்கவில்லையாக்கும் என்று பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். காவல்காரனைக் கூப்பிட்டுக் கத்தியை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார்கள். நான் வாசலுக்கு வருவதற்குள் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பொருத்திப் பார்க்கிறார்கள்.

செய்தி எனக்கு முன்னால் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. நம்பாமல் இருந்த பாதிப் பேரும் அன்றைக்கு நம்பினார்கள்.

பொழுதுபட்டு இவர் வந்தார். கால் கழுவிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தவர் மூலையைப் பார்த்தார்.

"கத்தி எங்கை?"

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் ஏசுவார், கையாவது ஓங்குவார் என்று பார்த்தேன். அவர் என் கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். செங்கல் தூளில் தோல் உரிந்து சிவந்து கிடந்தன.

"நல்லாத்தான் மினுக்கியிருக்கிறாய்" என்றார்.