நேரம் காட்டாத வாட்ச்

போன வருடம் தாம்பரத்தில், ஒரு மனநல டாக்டரின் அறையில் நடந்தது இது. அதற்கு முந்தைய வருடம் என் கணவருக்கு மனச்சோர்வு நோய் வந்து, சிகிச்சை எடுத்து, திருமுடிவாக்கத்தில் லேத் வேலைக்கு மறுபடி போகத் தொடங்கியிருந்தார். டாக்டரம்மா எது கேட்டாலும் "நல்லா இருக்கேன் மேடம்" என்பதுதான் இவர் பதில். அதை நம்பி மாத்திரையைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

அதனால் இவர் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. நாடித்துடிப்பு, தூக்கம், வியர்வை, நடமாட்டம் எல்லாவற்றையும் அது தானே பதிவு செய்துகொள்ளும். பார்க்க வாட்ச் மாதிரி, ஆனால் நேரம் காட்டாது. "வாய் சொல்லாததை உடம்பு சொல்லிடும். கழட்டவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வந்தது வினை. சுழலும் லேத் மெஷினில் நிற்பவர் கையில் மோதிரம்கூட இருக்கக் கூடாது, சிக்கிக்கொள்ளும். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, பட்டையைக் கழற்றி என் கையில் மாட்டினார்.

"எனக்கு எதுக்குங்க?"

"கழட்டி வெச்சா ரீடிங் நின்னுடும் இல்ல? சாயங்காலம் வந்து நான் போட்டுக்கறேன். ஒரே வீடுதானே!"

ரேஷன் கார்டு என்று நினைத்துவிட்டார் மனுஷன். நானும் ஒரு டீச்சர்தான், எனக்கும் அது தப்பென்று தோன்றவில்லை. ஸ்கூலில் பிள்ளைகள் "மிஸ், புது வாட்சா?" என்று கேட்டபோது பெருமையாகக் கையை வேறு ஆட்டிக்கொண்டேன். சாயங்காலம் இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பட்டை இவர் கைக்குப் போய்விடும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "தூக்கமெல்லாம் அருமை சார். ஆனா தினமும் ஆறு மணியானா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அப்புறம் சட்டுனு அடங்கிடுது. கம்பெனியில ஏதாவது பிரச்சினையா? மாத்திரையைக் கூட்டிப் பார்க்கலாமா?"

"ஆறு மணிக்கா? முடிச்சூர் ரோட்டுல டீ குடிச்சுக்கிட்டு இருப்பேன் மேடம்" என்று இவர் திருதிருவென விழித்தார்.

மாத்திரை என்றதும் நான் குறுக்கே புகுந்தேன். நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தவர், நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்போ ஆறு மணிக்கு நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?"

"பால்கனியில நிப்பேன். இவர் பைக் வருதான்னு."

சொல்லும்போதே அந்த நாள் நினைவுக்கு வந்தது. நோய் முற்றியிருந்த சமயத்தில், ஒரு சாயங்காலம் இவர் வீட்டுக்கு வரவில்லை. பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில், எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தோம். அன்று பிடித்த பயம் என்னை விடவே இல்லை. யார் கேட்டாலும் நானும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் ஓவென்று அழுதுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவருக்கு மாத்திரை கூடவில்லை. பட்டையை இனி வீட்டில் இருக்கும்போது மட்டும், அதுவும் இவரே போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டாக்டர் எனக்கும் தனியாக ஒரு சீட்டு எழுதி, கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார். சில மாதம் போய்ப் பேசிவிட்டு வந்தேன். மனசு லேசானது.

இப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து கிளம்பும்போதே இவர் போன் வந்துவிடுகிறது: "கிளம்பிட்டேன். டீ குடிச்சுட்டு வரேன். பால்கனிக்குப் போகாதே." நானும் நிம்மதியாக உள்ளே உட்கார்ந்து பேப்பர் திருத்துகிறேன். யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் மட்டும், பதில் சொல்வதற்கு முன் என் வெறும் மணிக்கட்டை ஒரு நொடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் நிஜமாகவே நல்லாத்தான் இருக்கிறேன்.