ஆணியில் மாட்டாத கோட்டு

காலை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. ரிஸ்பா ஏரிக்கரையில் வலை விரித்துப் பொடிமீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலென்று கிசுமு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஓச்சோலா இறந்துவிட்டான் என்று மோட்டார் சைக்கிளில் வந்தவன் சொன்னான். பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த புருஷன்.

அது டிசம்பரில். மார்ச்சில் மழை வாடை அடித்தது. புருஷன் வீட்டாரின் குடிசைகள் சேர்ந்திருந்த அந்த வளவில் மூத்த மருமகள் அவள். அவள் முதல் விதை போட்ட பிறகே கொழுந்தன் வீட்டார் போடலாம். ஆனால் புருஷன் வழி ஆண் ஒருவன் வந்து மனைவியாக ஏற்றுக்கொள்ளாத வரை கைம்பெண் விதையைத் தொடக் கூடாது. தொட்டால் தீட்டு, வளவுப் பிள்ளைகள் மெலிந்து சாகும் என்பார்கள். இப்போதெல்லாம் அவன் போடும் கோட்டு ஒன்றை அவள் வீட்டு ஆணியில் பேருக்கு ஓர் இரவு மாட்டி வைத்தாலே போதும்.

கொழுந்தன் ஓதெரோ ஒரு சாயங்காலம் பழுப்புக் கோட்டோடு வந்தான்.

"அண்ணி, ஆணி இருக்கா?"

"இருக்கு தம்பி. உங்க அண்ணன் தொப்பி தொங்குது."

"ஒரு ராத்திரிதான். கோட்டுதான் தூங்கும், நான் இல்ல."

"அடக்கத்தன்னிக்கே என்னை ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சாச்சு. இனி இன்னொருத்தர் பேருல பேருக்குக்கூட நிக்க மாட்டேன். குளிருச்சுன்னா கோட்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

மறுநாள் அவன் பெண்டாட்டி மில்கா வேலியோரம் நின்று கத்தினாள். "உங்க ஜெபம் உங்களுக்குக் கஞ்சி ஊத்தும் அக்கா, என் புள்ளைங்களுக்கு? மழை வந்தா நான் எதை விதைக்க, உங்க பிடிவாதத்தையா?"

ரிஸ்பாவுக்கும் அது தெரியும். மில்கா சொன்னது நியாயம்தான். ரிஸ்பா விதைக்காமலிருந்தால் இரண்டு வீடும் பட்டினி.

தினமும் விடியலில், ஓச்சோலா படுத்திருந்த பக்கம் அவள் முழங்கால் போடுவாள். ஏன் கொண்டுபோனீர் என்று முதல் மாதம் முழுக்கக் கேட்டாள். பிறகு, "எந்திரிச்சுட்டேன் ஆண்டவரே, மிச்சத்த நீர் பாத்துக்கும்" என்பதோடு சரி. சொல்லி முடித்ததும் எழுந்து அன்றைய வேலையைப் பார்க்கப் போவாள். அதற்கு மேல் ஆறுதல் அவள் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமையும் அதையே சொல்லி எழுந்தாள். மண்வெட்டியையும் சோள விதையையும் எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். வளவு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "தீட்டுன்னு ஒண்ணு இருந்தா அது என் தலையில. எனக்கும் அதுக்கும் நடுவுல ஆண்டவர் நிக்கிறார்."

யாரும் வெளியே வரவில்லை. மதியம்வரை தனியாகவே குழி வெட்டினாள், விதை போட்டாள், காலால் மண் தள்ளினாள்.

மேகம் கறுத்தபோது மில்கா தன் விதை டப்பாவோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்க ஆண்டவர்கிட்ட நேரா வந்து சண்டை போடுவேன்."

"போடு. அவர் அதுக்கெல்லாம் பயப்படறவர் இல்ல. நான் போடாத சண்டையா?"

மில்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முதல் குழியை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. ரிஸ்பா தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு, வேலி தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்று மண்ணைக் கொத்தினாள். இருட்டும் முன் மில்காவின் நிலம் முடிந்தது, மழையும் இறங்கியது.

ரிஸ்பாவின் நிலத்தில் மேற்கோரம் இரண்டு வரிசை விதைக்காமல் கிடந்தது.