தங்கைக்கு நான் போட்ட பட்டினி

கல்யாணப் பந்தியில் என் பதினைந்து வயதுத் தங்கையைக் காட்டி, “இவளுக்கு ரெண்டு எலையாப் போடுங்க” என்று அத்தை சிரித்தாள். அடுத்த விசேஷத்துக்குள் தங்கையை ஒல்லியாக்கி அத்தையின் முகத்தில் கரி பூச வேண்டும் என்று கறுவினேன். வீட்டில் முதலில் படித்தவன் நான். என் பேச்சை யாரும் மறுக்கவில்லை. அவளுக்குக் கஞ்சித்தண்ணீர் மட்டுமே கொடுக்கச் சொன்னேன். பத்தாம் நாள் ஊருணிக்கரையில் குடத்தோடு மயங்கி விழுந்தாள்.

“வளர்ற புள்ளையப் பட்டினி போடலாமா? மூணு வேளையும் அளவாச் சாப்பிட்டு நல்லா நடக்கட்டும்” என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரி நர்சம்மா கடிந்தார்.

வீடு திரும்பியதும் தங்கை சோறு போட்டுக்கொண்டு, என் முன்னால் கஞ்சித்தண்ணீரை வைத்தாள்.

“குடிங்கண்ணே. ஒங்க கோவத்துக்கு என் வயிறுதான் கெடச்சிச்சா?”

குடித்தேன். அத்தையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் தங்கையின் ஒரு வேளைச் சோற்றைத்தான் கசக்க வைத்தாள். நான் பத்து நாள் சோற்றைப் பறித்தேன்.