தாமல் ஏரிக்கரையில் ஓடக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரர்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. தீபாவளிச் சட்டைகூட நான் பார்த்து எடுத்து வருவதுதான். அப்படிப்பட்ட மனுஷன் போன மாசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "ஒரு தடவ பறக்கணும்மா" என்றார். விமானத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். போனைக் காட்டினார். ஒரு ஆள் மலைச்சரிவில் ஓடுகிறான், தலைக்கு மேல் பெரிய துணி விரிகிறது, அவன் கால் தரையை விட்டுப் போய்விடுகிறது. பாராகிளைடிங்காம். ஆறு மாசமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஏதோ சீரியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மலைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தோம். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் ஒரு டீச்சர்தான் சொன்னார், கோடையில் தாமல் ஏரி வற்றியதும் சலீம் பாய் என்பவர் அங்கேயே சொல்லிக்கொடுக்கிறார் என்று. நம்ம காஞ்சிபுரத்துக்காரர். வடக்கே மலையில் ஏழு வருஷம் வகுப்பு எடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். இரண்டு நாள் அடிப்படை வகுப்பு, சனி ஞாயிறு, ஒரு ஆளுக்கு 4,500 ரூபாய். வைகாசிக் கடைசி வாரம்தான் இந்த வருஷத்துக் கடைசி வகுப்பு. அதற்குப் பிறகு காற்று முரட்டுத்தனமாக ஆகிவிடுமாம்.

எங்களுக்கும் அந்த வாரம்தான் தோதுப்பட்டது. இவர் பட்டு நெய்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்க ஆள் வந்தால் இரண்டு நாள் தறி சும்மா இருக்கும். பிணைத்து முடிந்தால் கல்யாண ஆர்டர், மூன்று மாசத்துக்கு எழுந்திருக்க முடியாது. நான் துணைக்குத்தான் பணம் கட்டினேன். எனக்குப் பறக்கும் ஆசை துளியும் கிடையாது. இந்த மனுஷன் வாயைத் திறந்து கேட்டதே அதிசயம், இது கைகூடாவிட்டால் இன்னொரு தடவை கேட்கவே மாட்டார் என்ற பயம் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலை 5:15க்குப் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். வேலூர் ரோட்டில் திருப்புட்குழிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். 5:50க்கு ஏரிக்கரை. வண்டி மீட்டரில் 15.2 கிலோமீட்டர். மேற்கே ஒரு குட்டையளவு தண்ணீரும் நாலு எருமைகளும், மற்றதெல்லாம் வெடித்த மண்ணும் காய்ந்த புல்லும். கரை கிழக்கே இருக்கிறது, காற்று மேற்கேயிருந்து வருகிறது. பாய் முதலில் சொன்ன பாடமே அதுதான்: கிளம்பும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, முகத்தில் காற்று படவேண்டும். அதனால்தான் இந்தக் கரையை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

எங்களோடு ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைப் பையன்கள் இரண்டு பேர். பாயின் மனைவி நசீமா, அரைக் கிலோமீட்டர் தள்ளி மோட்டாரில் சுற்றிய நீளக் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் தேறியவர்களை அந்தக் கயிற்றால் பட்டம் மாதிரி இழுத்து நூறு அடி ஏற்றுவது அவர் பொறுப்பு. பாய் வாயால் பேசுவதைவிட நசீமா வாக்கி டாக்கி ரேடியோவில் பேசுவதுதான் நமக்குத் தைரியம் தரும். அத்தனை நிதானம்.

சனிக்கிழமை முழுக்கத் தரையில்தான். முப்பத்தைந்து அடி அகலத் துணியைக் குதிரை லாடம் போல் வளைத்து விரிக்க வேண்டும். அதிலிருந்து வரும் மெல்லிய கயிறுகள் சிக்கில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (இதில் எங்கள் வீட்டுக்காரர்தான் முதல் மார்க். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.) ஹார்னஸ் என்பது முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு தொங்கு நாற்காலி. முதலில் தொடைப் பட்டை, பிறகுதான் மார்புப் பட்டை. தொடைப் பட்டையை மறந்தால் மேலே போனதும் ஆள் நழுவி விழவேண்டியதுதான் என்று பாய் பத்து தடவையாவது சொன்னார். பிறகு கையைப் பின்னால் வைத்து, நெஞ்சை முன்னால் தள்ளி, ஓட வேண்டும். துணி எழுந்து தலைக்கு மேல் வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி ஓட்டம். கால் காற்றில் மிதித்தாலும் ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. மேலே போய் நிலைத்த பிறகுதான் உட்காரலாம்.

இங்கேதான் வந்தது வம்பு. ஏகாம்பரம் நாலு எட்டு ஓடுவார். துணி எழும், பட்டை தொடையை இறுக்கும், உடனே மனுஷன் சப்பென்று உட்கார்ந்துவிடுவார். துணி அவரை வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போகும். முதல் தடவை எல்லாரும் சிரித்தோம். ஐந்தாவது தடவை நான் மட்டும் சிரித்தேன். பதினொன்றாவது தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, இன்னாண்ணே நீ, சீட்டு வந்தா உக்காந்துடுறியே" என்றார் பாய்.

"நா உக்காரல பாய். பட்ட தொடையில பட்டா அதுவா உக்காந்துக்குது" என்றார் இவர். பொய்யில்லை. பதினைந்து வயசிலிருந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். தொடைக்கடியில் ஏதாவது தட்டுப்பட்டால் அந்த உடம்புக்கு வேறு யோசனையே வராது.

துணைக்கு வந்த நானோ மூன்றாவது ஓட்டத்திலேயே சரியாகச் செய்துவிட்டேன். பஸ்ஸைத் துரத்தியே வேலைக்குப் போகிறவளுக்கு ஓடுவதா கஷ்டம்! பாய் கைதட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆசைப்பட்டவர் விழுந்து கிடக்க எனக்கெதற்கு இந்தப் பாராட்டு? அன்று மாலை 6:15 வரை முயன்று, அவர் ஒரு தடவைகூடத் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததிலிருந்து இவர் உட்காரவே இல்லை. காபி நின்றுகொண்டு. ஷூ மாட்டியதும் நின்றுகொண்டு. "இன்னாங்க இது கூத்து?" என்றால், "பழக்கம் மாறணும்மா, பேசாத" என்கிறார். இடுப்பு வலியால் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்று ஆட்டோ பேசினோம். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 900 ரூபாய். அதிலும் சீட்டு நுனியில் பட்டும் படாமலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக, "மூலமாண்ணே?" என்று கேட்டார்.

"இல்லப்பா, பறக்கப் போறாரு" என்றேன். அதற்குப் பிறகு அவர் ரோட்டைவிடக் கண்ணாடியில் எங்களைத்தான் அதிகம் பார்த்தார்.

அன்றைக்கு விதி இதுதான். இருபது அடி உயரக் கரையிலிருந்து ஓடி இறங்க வேண்டும். நாலைந்து நொடி மிதந்து கீழே இறங்குவோம். மூன்று தடவை சரியாகக் கிளம்பினால்தான் நசீமாவின் கயிறு. 8:15க்குமேல் காற்று பலமாகிவிடும், தரையில் ஓடிப் பழகலாமே தவிரப் பறக்க முடியாது, எல்லாம் மூட்டை கட்டவேண்டியதுதான். நான் 6:50க்கே மூன்றையும் முடித்தேன். இவர் முதல் தடவை உட்கார்ந்து கரையில் சறுக்கி இறங்கினார். இரண்டாவது எப்படியோ சரி. அடுத்த இரண்டும் சறுக்கு. 7:25க்கு இன்னொன்று சரி. ஆக இரண்டு.

7:40க்கு என்னைக் கூப்பிட்டார்கள். "அவரு மொதல்ல போவட்டும்" என்றேன். முடியாது என்றார் பாய். "ஏறுக்கா, நா பாத்துக்கறேன்" என்று ரேடியோவில் நசீமா. நாலு எட்டுதான் ஓடியிருப்பேன், கயிறு இழுத்தது, பூமி கீழே போனது. ஐயோ, என்ன சொல்ல! சத்தமே இல்லை. கரைப் பனைமரங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. ஹைவே லாரிகளும், தூரத்தில் திருப்புட்குழிக் கோபுரமும் தெரிந்தன. நசீமா சொன்னதும் மார்பிலிருந்த சிவப்புக் கைப்பிடியை இழுத்துக் கயிற்றை விட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம் பத்து நொடி. சந்தோஷமாக இருந்தது. கரையில் ஒல்லியாக ஓர் உருவம் அண்ணாந்து நிற்பதைப் பார்க்கும்வரை.

இறங்கியதும் நேராக பாயிடம் போனேன். "ரெண்டு சரியாத்தான போச்சு பாய். விட்டுடுங்களேன்."

"அண்ணி, மேல போயி உக்காந்தா பரவால்ல. கெளம்பசொல்லோ உக்காந்தாருன்னா கயிறு தரையோட இழுத்துக்கினு போவும். முதுகு போச்சுன்னா தறி யாரு நெய்யறது?" என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

மணி 8:04. ஒரு வாய்ப்புதான் மிச்சம். ஏகாம்பரம் பட்டைகளை மாட்டிக்கொண்டு கரைமேல் நின்றார். "ஓடுண்ணே!" என்றார் பாய். ஓடினார். கரைச்சரிவில் ஓடினார், கால் தரையை விட்டபின்னும் ஓடினார், கீழே இறங்கித் துணி பின்னால் சுருண்டு விழுந்த பிறகும் ஐம்பது அடி ஓடினார். பாய் இரண்டு கையையும் தூக்கி, "மூணு!" என்று கத்தினார்.

8:12க்கு நசீமா கயிற்றை இழுத்தார். கிளம்பினார் பாருங்கள், அத்தனை சுத்தமாக! இருபது அடி, ஐம்பது அடி, நூறு அடி. கயிறு விடச் சொன்னதும் சரியாக விட்டார். ஆனால் கால் மட்டும் நிற்கவில்லை. வானத்தில் ஓடிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, போதும், உக்காருண்ணே" என்று பாய் ரேடியோவில் சொன்னார். ஓட்டம் நிற்கவில்லை. நசீமாவும் சொல்லிப் பார்த்தார். ஊஹூம். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அந்த ஆளு மேலயும் ஓடிக்கினே இருக்காரு?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஓடியபடியே வந்து, சரியான உயரத்தில் கையில் பிடித்திருந்த இரண்டு பிரேக் கயிறுகளையும் இடுப்புவரை இழுத்து, தரையில் கால் வைத்து, அப்படியே நடந்து வந்து நின்றார். எங்கள் நாலு பேரில் கீழே விழாமல் இறங்கியது அவர் ஒருவர்தான்.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பு சித்திரை, வைகாசியில் மட்டும். ஏரியில் தண்ணீர் இருந்தால் கிடையாது, அதனால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம், செருப்பில் வந்தால் பாய் திருப்பி அனுப்பிவிடுவார். முழுக்கை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பெண்கள் சுடிதாரில் வந்தால் துப்பட்டாவை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். நான் சேலையிலிருந்து சுடிதாருக்கு மாறக் கரையில் இடமில்லாமல் நசீமாவின் வேனில் மாற்றினேன். முதுகு, முழங்கால் தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். காற்று சரியில்லை என்று வகுப்பை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். காலையில் இட்லி இரண்டுக்கு மேல் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கால் நீட்டி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாலுசெட்டி சத்திரம் தாண்டியதும் கேட்டேன், "அவ்ளோ பேர் கத்துனாங்களே, மேல போயாவது உக்காந்தா இன்னா? பயமா?"

"பயம் இல்லமா" என்றார். "முப்பது வருஷமா உக்காந்துனுதான இருக்கேன். அங்க போயும் உக்காரணுமா?"