கீழ்வீட்டுக் குரல்

என் அண்ணன் பாடிய பாட்டு ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதில் எல்லாம் கேட்கும், அவன் குரல் மட்டும் சரியாகக் கேட்காது. அதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலாவது பழி போட முடியுமா என்று பல வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் கிடைக்கவில்லை.

கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா. நான் கல்லூரி முதல் வருஷம் படிக்கும்போது திடீரென்று போய்விட்டார். அவர் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது, அதனால் வீடும் எங்களுக்கே தங்கியது. அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். ஆனாலும் வீட்டில் அதட்டுவது நான், தலையாட்டுவது அவன். அம்மா கேட்டால், "விடும்மா, அவ கத்தினாத்தான் எனக்குப் பொழுது போகுது" என்பான்.

அவனுக்குப் பாட்டு எழுதிப் பாடவேண்டும். எனக்கு அதைப் பதிவு செய்யவேண்டும். இரண்டு பேருக்கும் இதைவிட்டால் வேறு பைத்தியம் இல்லை. அவன் தமிழ்ப் பாட்டைப் பெங்காலி எழுத்தில் எழுதுவான். கல்கத்தாவிலேயே படித்தவன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவனுக்கு மெட்டு மறந்துவிடும். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்குப் பெங்காலி வாசிக்கத் தெரியாது. மகன் என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று அவளுக்கு நான்தான் படித்துக் காட்டவேண்டும்.

அப்பா விட்டுப்போன டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. நான் வங்கி வேலைக்குச் சேர்ந்து முதல் மாதச் சம்பளம் வந்ததும் சாந்தினி கடைத்தெருவில் அலைந்து இன்னொன்று வாங்கினேன். கூடவே ஒரு மைக், ஒரு சின்ன கீபோர்டு. இது தொண்ணூறுகளின் நடுவில். ஸ்டூடியோ என்பதை டாலிகஞ்ச் பக்கம் பஸ்ஸில் போகும்போது மதில் சுவராகத்தான் பார்த்திருக்கிறோம். எங்கள் ஸ்டூடியோ பின்பக்கத்து அறை. ஜன்னலை ரஜாய் மெத்தைப் போர்வையால் அடைப்போம். காற்றாடிச் சத்தம் மைக்கில் ஏறும் என்று அதையும் நிறுத்திவிடுவோம். சித்திரை வெயிலில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நிற்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெங்காலி மாமி, எங்களுக்கு மாஷிமா, தூங்கப் போனபிறகு ஆரம்பித்தால், சாயங்காலம் பெங்காலி வழக்கப்படி வீட்டுக்கு வீடு விளக்கேற்றிச் சங்கு ஊதுவதற்குள் முடித்தாக வேண்டும். அதுவரை அம்மா குக்கர் வைக்கக்கூடாது என்பது என் உத்தரவு.

வேலை செய்யும் விதம் இதுதான். முதலில் அண்ணன் குரலை மட்டும் ஒரு கேசட்டில் பதிவோம். பிறகு அதை ஒரு டேப்பில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து நான் கீபோர்டு வாசிப்பேன். இரண்டும் கலந்து அறையில் கேட்பதை இரண்டாவது டேப் மைக் வழியாகப் பதிந்துகொள்ளும். இப்போது இரண்டாவது கேசட்டில் குரலும் இருக்கிறது, கீபோர்டும் இருக்கிறது. அதை ஓடவிட்டு அண்ணன் கிதார் வாசிப்பான். மூன்றும் சேர்ந்து பழைய முதல் கேசட்டிலேயே பதியும், அதில் இருந்த தனிக் குரலை அழித்துக்கொண்டு. இப்படி மாற்றி மாற்றி எத்தனை வாத்தியம் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி உள்ளே போகும். நாடாவின் இரைச்சல் ஒரு படி மேலே வரும்.

அண்ணன் இதை வைத்து என்னைக் கேலி செய்வான்.

"நான் கீழ்வீட்டுல குடியிருக்கேன். நீ மேல மாடி கட்டிக்கிட்டே போற. கீழ்வீட்டுக்காரனுக்கு வெளிச்சமே வராது போலிருக்கேடி."

"வெளிச்சம் வந்தா உன் குரல்ல இருக்கிற ஓட்டையெல்லாம் தெரியும்" என்பேன் நான்.

அவன் சிரிப்பான். நானும் சிரிப்பேன். இன்று அதை எழுதும்போது கை கூசுகிறது.

உண்மையில் அவன் குரலில் எனக்குத் திருப்தி இல்லை. கொஞ்சம் மூக்கால் பாடுவான். நீட்டிப் பாடும் இடங்களில் மூச்சு பற்றாமல் கடைசியில் லேசாக உடையும். எனக்கு எதிலும் பிசிறு இருக்கக்கூடாது. அதனால் அவன் உடையும் இடம் பார்த்து அங்கே கீபோர்டில் வயலின் சத்தத்தை ஏற்றிவிடுவேன். வேண்டுமென்றே மூடினேன். அது போதாதென்று, முடித்த பாட்டை நாலு நாள் கழித்துக் கேட்டு, பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இப்படி ஏழெட்டுப் பாட்டு போயிற்று. ஒன்றே ஒன்று மிஞ்சியது. மிஞ்சியதற்கும் என் நல்ல மனசு காரணம் இல்லை. அந்தச் சமயம் துர்கா பூஜை வந்துவிட்டது. பந்தலில் ஒலிபெருக்கி அலற ஆரம்பித்தால் பத்து நாளுக்கு எங்கள் அறையில் எதுவும் பதிய முடியாது. அதற்குப் பிறகு எனக்கு வங்கியில் பதவி உயர்வுப் பரீட்சை. அழிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு ஆற்றைக் கடக்கும் படகுக்காகக் காத்திருப்பவனைப் பற்றியது. ஒருநாள் மத்தியானம் அவன் அதை ஒரே மூச்சில் பாடி முடித்தான். அன்று அவனுக்கு என்ன வந்ததோ, கடைசி நீட்டலில்கூடக் குரல் உடையவில்லை. ஓடவிட்டுக் கேட்டோம். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நான் கீபோர்டு வாசித்து இரண்டாவது கேசட்டில் ஏற்றினேன். அடுத்தது கிதார். முதல் கேசட்டைச் சுழற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, பதிவுப் பொத்தானில் விரலை வைத்தேன்.

"ஒரு நிமிஷம் இரு" என்றான். "இந்தக் கேசட்ட அப்படியே எடுத்து வச்சிக்கலாமா? சும்மா குரல் மட்டும். ஒண்ணே ஒண்ணு இருக்கட்டுமே."

"எதுக்கு?"

"எதுக்குமில்ல. நல்லா வந்திருக்கேன்னு தோணுது. வேற கேசட் போட்டு கிதார் எடுக்கலாம்ல?"

"வேற கேசட் இல்லண்ணா."

என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில், மூன்று புதுக் கேசட்டுகள் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன. உயர்ந்த ரகம். என்றைக்காவது எல்லாம் சரியாக அமையும் ஒரு பாட்டு வரும், அதற்கென்று வைத்திருந்தேன். இது அந்தப் பாட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் தலையாட்டினான். கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குமேல் இன்னொரு கீபோர்டு. அதற்கும் மேலே கடைசியாக, தாளத்துக்கு ஏதாவது சலசலவென்று வேண்டும் என்றேன். அவன் அடுக்களைக்குப் போய் அம்மாவின் எவர்சில்வர் டப்பாவில் துவரம்பருப்பைப் போட்டு மூடி எடுத்துவந்தான். "என் பருப்பு எங்கடா போகுது?" என்று அம்மா கேட்டது பதிவில் இல்லை. அதற்கு முன்பே நடந்துவிட்டது. அவன் டப்பாவை ஆட்ட, கடைசி அடுக்கு அந்த முதல் கேசட்டில் பதிந்தது. அவன் குரல் தனியாக இருந்த அதே நாடாவில்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் அவன் போய்விட்டான். காய்ச்சல் என்று படுத்தான், நான்காம் நாள் இல்லை. முப்பத்தாறு வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன காய்ச்சல், எப்படி, ஏன் என்று அப்போது எத்தனையோ பேரிடம் சண்டை போட்டேன். ஒரு பயனும் இல்லை. எங்களிடம் இருந்தது அவன் புகைப்படங்கள், அந்த நோட்டு, அந்தக் கேசட். அப்போதெல்லாம் கையில் இருக்கும் போனில் யார் பேச்சையும் பிடித்து வைக்க முடியாது. அவன் பேசியது என்று எங்கும் எதுவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போல இருக்கும். அம்மா கேட்டாள்.

"அவன் பாட்டப் போடுடி."

போட்டேன். அம்மா ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனாள். பாட்டு முடியும்வரை அப்படியே குனிந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னடி இது, ஒரே சத்தமா இருக்கு? அவன் எங்க?"

"பின்னால கேக்குது பாரும்மா."

"பின்னால எனக்கு எதுக்கு? இந்த வாத்தியத்தையெல்லாம் எடுத்துட்டு அவன் குரல மட்டும் குடு. நீதானே இதெல்லாம் பண்ணின. உனக்குத் தெரியாதா?"

"பண்ணித் தரேன்மா" என்றேன். வாயில் வந்துவிட்டது. அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் கொடுத்த வாக்கும் அது ஒன்றுதான்.

அண்ணன் போனதும் ரயில்வே வீட்டைக் காலி செய்தோம். சில காலம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு நியூ டவுனில் ஏழாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். அம்மா என்னோடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சத்தத்தைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் போட்டு, கேசட்டை அதில் ஏற்றினேன். எங்கள் மாடியிலேயே குடியிருந்த கம்ப்யூட்டர் எஞ்சினியர் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் பெங்காலி. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தீதி, இது கிச்சுடி. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிட்டது. இனி எப்படிப் பிரிப்பீர்கள்?"

நான் கேட்கவில்லை. எந்தக் காலத்தில் யார் பேச்சைக் கேட்டேன்? ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். பருப்புச் சத்தம் உச்சஸ்தாயியில் இருந்தது, அதை வெட்டினேன். அதோடு அவன் உச்சரிப்பில் இருந்த கூர்மையும் போய், சொற்கள் குழறின. கீபோர்டின் அடிநாதத்தை வெட்டினேன். அவன் மார்பிலிருந்து வரும் குரலும் சேர்ந்து போயிற்று. வயலினை எங்கே ஏற்றியிருந்தேனோ அங்கே அவன் சுத்தமாக இல்லை. எத்தனை தோண்டினாலும் வரவில்லை. அவ்வளவு கவனமாக மூடியிருக்கிறேன். அந்த வேலை மட்டும் பிசிறில்லாமல் அமைந்திருந்தது.

மாதக்கணக்கில் உட்கார்ந்து, கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டேன். பாதிவரை கேட்டாள். கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இது அவன் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் வேறு மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுபோலச் சொன்னாள்.

"இதுக்குமேல முடியாதும்மா" என்றேன். பேச்சை மாற்றுவதற்காக, எதையும் வெட்டாத மூலக் கேசட்டையே பழைய டேப்பில் போட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன் பத்து விநாடிபோல வெறும் டப்பாச் சத்தம் மட்டும் வரும். அண்ணன் எப்போதும் அவசரக்காரன். மற்ற டேப்பில் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஆட்டத் தொடங்கிவிட்டான். அன்று அதற்காக அவனைத் திட்டினேன்.

அம்மா நிமிர்ந்தாள். "இந்தச் சத்தம் யாரு?"

"அண்ணாதான். உன் டப்பால துவரம்பருப்பப் போட்டு ஆட்டினான்."

"அவன் கையா?"

"ஆமா."

"திருப்பிப் போடு."

போட்டேன். சல், சல், சல். கிட்டத்தில், தெளிவாக, எதன் அடியிலும் போகாமல். ஓரிடத்தில் தாளம் தப்பி, உடனே பிடித்துக்கொள்கிறான். பாட்டு தொடங்கும் இடத்தில் அம்மா கையைக் காட்டினாள், நிறுத்தினேன். மறுபடி போடச் சொன்னாள். எத்தனை தடவை என்று தெரியாது. அவள் வலதுகை மடியில் இருந்தபடியே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பாடவேண்டும் என்று ஆசைப்பட்டவன் அவன். அம்மாவுக்கு அவனிடமிருந்து நான் மிச்சம் வைத்தது பத்து விநாடிப் பருப்புச் சத்தம்.

வெளியே இருட்டத் தொடங்கி, பக்கத்து ஃபிளாட்டில் சங்கு ஊதினார்கள். பழைய பழக்கத்தில் என் விரல் தானாக நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. அம்மா டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் சின்னக் கண்ணாடி வழியாக நாடா தெரிந்தது.

"முதல்ல தனியாத்தானே பாடினான். அது எங்க போச்சு?"

"அதே கேசட்லதாம்மா இதெல்லாம் பதிஞ்சோம். அது அழிஞ்சு போச்சு."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, அன்னிக்கு நம்ம வீட்டுல வேற கேசட்டே இல்லையா?"

அந்த மூன்று கேசட்டுகளும் அடுத்த அறையில் என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருந்தன. இன்னும் உறை பிரிக்காமல்.

"இல்லம்மா" என்றேன்.

அண்ணனைப் போலவே அம்மாவும் தலையாட்டினாள்.