யசிந்தா ஓடவிடமாட்டாள்

செய்தி கொண்டுவந்தவர் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "ஒட்டுசுட்டான் யசிந்தா ரீச்சர் மோசம் போயிட்டா. காய்ச்சலாம். பின்னேரம் அடக்கம்" என்றார். இன்னும் சில வீடுகளுக்குச் சொல்லவேண்டும் என்று மிதித்துப் போய்விட்டார். எத்தனை நாள் காய்ச்சல், யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்க எனக்கு ஆளில்லை. குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோடு என்று தெரியாத கோபம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவளுடைய தமையன் கேட்டிருக்கிறார். இதை வாசிக்கிற உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டவர்கள். அவளைப் பொறுமையின் வடிவம் என்று செத்தவீட்டில் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்காதேயுங்கள், ஆனால் அது சரியில்லை. யசிந்தா அவசரக்காரி. தேத்தண்ணியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பஸ் பிந்தினால் வீதியில் நின்று பஸ்ஸையே திட்டுவாள். அவளுக்குப் பொறுமை இருக்கவில்லை. அதனால்தான் அவள் செய்தது பெரிய காரியம்.

இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். முரசுமோட்டையில் வயல்கரையோரம் ஒரு கிடுகுக் கொட்டில், மற்றப் பிள்ளைகளைப்போல் கதைக்காத, பழகாத பிள்ளைகளுக்கான நிலையம் அதுதான். அவள் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. அலைச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகிய குரல். நான் வட்டக்கச்சிக்காரி. வெளியிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர் எங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி தந்து, 'ஓட்டிசம்' என்ற சொல்லையும் ஒரு பை நிறையப் பட அட்டைகளையும் விட்டுவிட்டுப் போனார். அதுவரை ஊரில் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த பெயர்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு என்னால் இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. ஒரு பிள்ளையைப் பாயில் இருத்த ஒரு காலை முழுதும் போகும். மறுநாள் பாய் கொஞ்சம் தள்ளிக் கிடந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒருத்தி ஆடிக்கொண்டே இருப்பாள், ஒருவன் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பான். நானோ அட்டையைத் தூக்கிப் பிடித்து "ரயில், ரயில்" என்று கத்திக்கொண்டிருப்பேன். சண்டையால் எங்கள் பக்கத்தில் ரயில் ஓடாமல் விட்டு வருடக்கணக்கு. தண்டவாளத்துக் கட்டைகள் எல்லாம் குண்டுக்குப் பதுங்கும் பங்கர்களுக்குக் கூரையாகியிருந்தன. "ரயிலைக் காட்டுறதெண்டால் எல்லாரையும் பங்கருக்குள்ள கூட்டிக்கொண்டு போம்" என்று யசிந்தா சிரிப்பாள்.

அவள் அதைப் பகிடியாகச் சொன்ன காலத்தில்தான் ரூபன் வந்தான். தாய் லெட்சுமி அக்கா, மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம், பக்கத்து வயல்களில் களை பிடுங்கப் போவா. ரூபனுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஒரு அலுமினியச் சட்டி மூடியைச் சுழற்றிவிட்டு அது அடங்கும்வரை குனிந்து பார்ப்பான். ஆனால் குண்டுபோட வரும் பொம்மர் பிளேனின் சத்தம் எங்களுக்குக் கேட்க முந்தியே அவனுக்குக் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு எழும்புவான். நாங்கள் "ஓடுங்கோ, ஓடுங்கோ" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்கு ஓடுவோம். அவன் எதிர்ப்பக்கம், வெட்ட வெளி வயலுக்குள் ஓடுவான். தாய் பின்னால் ஓடிப் போய் அவனை விழுத்தி, வரப்போடு அவன் மேல் படுத்துக்கிடப்பா. சத்தம் அடங்கி வெளியே வரும்போது வயலைப் பார்க்க எங்களுக்குப் பயமாயிருக்கும்.

"அக்கா, நீங்களாவது இறங்கக் கூடாதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன விட்டுட்டு நான் மட்டும் எப்படி டீச்சர் எறங்குறது?" என்றா.

அன்றைக்கு யசிந்தா பட அட்டைகளைக் கட்டிக் கூரை இறப்பில் செருகிவிட்டாள். "கதை பிறகு பழகட்டும். முதல்ல உயிரோட இருக்கப் பழகட்டும்." நான் விடவில்லை. வைத்தியர் சொன்னது வேறு என்று வாதாடினேன். "வைத்தியர் சொல்லேக்க மேல பிளேன் நிண்டதோ?" என்றாள். நாங்கள் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவள் கண்டுபிடித்தது இதுதான். ரூபன் பொம்மருக்கு ஓடவில்லை, எங்கள் ஓட்டத்துக்கும் கத்தலுக்கும் இழுப்புக்கும்தான் ஓடினான். ஆகவே நிலையத்தில் இனி யாரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, அவனைத் தொடக்கூடாது. வானம் அமைதியாக இருக்கும் காலைகளில் சட்டி மூடியைப் பங்கர் வாசலில் சுழற்றினாள். பிறகு முதல் படியில். பிறகு அடுத்ததில். அவன் முன்னால் அவள் நடப்பாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். திரும்பிப் பார்த்தால் அவன் நின்றுவிடுவான்.

சத்தம் வரும்போதும் அதே நடை. தலைக்கு மேல் வானம் கிழிகிற மாதிரிக் கேட்கும், நாங்கள் கோயில் வீதியில் போகிறவர்கள் மாதிரி நடக்கவேண்டும். என் கால்கள் என்னை மீறி விரையும். "ஏன் பறக்கிறீர்? உம்மைத் தேடியோ வாறான்?" என்று முன்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். பக்கத்து வளவுக்காரர் தங்கள் பங்கருக்குள்ளிருந்து, "உங்களுக்கும் விசர் பிடிச்சிட்டுதோ?" என்று கத்துவார். ஒருமுறை உள்ளே இறங்கியதும் யசிந்தாவின் கையைப் பிடித்தேன். வியர்வையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்" என்றாள். இப்போது சொல்லிவிட்டேன்.

ஒருநாள் பொம்மர் வந்தது. அவள் நடந்தாள். ரூபன் காதைப் பொத்தியபடி அவளுக்குப் பின்னால் நடந்தான். இறங்கினான். லெட்சுமி அக்கா வயலிலிருந்து ஓடிவந்து, எங்களைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி, அழுதுகொண்டே நடந்து வந்தா. குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. அன்றைக்குத்தான் அந்தத் தாயும் பிள்ளையும் முதல்முறையாகப் பங்கர்க் கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

ஆனால் எல்லாம் ஓய்ந்த பிறகு ரூபன் மேலே வர மறுத்துவிட்டான். மூடியைச் சுழற்றிக்கொண்டு அங்கேயே இருந்தான். மத்தியானச் சோற்றை எல்லோரும் பங்கருக்குள் இருந்துதான் தின்றோம். யசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். "இறங்கப் பழக்கினம், ஏறப் பழக்க மறந்துபோனம்!" என்று சிரித்தாள். லெட்சுமி அக்காவும் சிரித்தா. அவ சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். ஒட்டுசுட்டானில் அவள் நிலையத்தை மறுபடி தொடங்கினாள். லெட்சுமி அக்காவும் அங்கேயே கொட்டில் போட்டா. நான் வேறு ஊரில் தங்க நேர்ந்தது. ஆடிக்கொருக்கால் அமாவாசைக்கொருக்கால் போய்ப் பார்ப்பேன்.

அவளுடைய கடைசி நாளை லெட்சுமி அக்காதான் எனக்குச் சொன்னா. காய்ச்சலோடுதான் அன்றும் நிலையத்துக்கு வந்தாளாம். பாயில் சரிந்தவளைக் கண்டு லெட்சுமி அக்கா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக உழவு மெசின் பிடிக்க ஓடப்போயிருக்கிறா. யசிந்தா கண்ணைத் திறந்து, "ஓடாதேங்கோ அக்கா, அவன் பயந்திடுவான்" என்றிருக்கிறாள். ரூபன் கண்ணுக்கு மறையும்வரை அந்த மனிசி நடந்தே போயிருக்கிறா. பிறகுதான் ஓடியிருக்கிறா. ஓடியிருந்தால் பிழைத்திருப்பாளோ என்று யாரிடமும் நான் கேட்கப்போவதில்லை. எனக்குள் அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அடக்கம் முடிந்த அடுத்த கிழமை நிலையத்தைத் திறக்க ஆளில்லை என்று நான் போனேன். லெட்சுமி அக்கா என் முன்னால் வந்து நின்றா.

"இனி யாரு முன்னால நடந்தா அவன் எறங்குவான் டீச்சர்?"

அன்று முற்பகலே ரூபன் காதைப் பொத்திக்கொண்டு எழும்பினான். இப்போது அவன் என் உயரம். நான் பங்கரை நோக்கி நடக்கத் தொடங்கினேன். சத்தம் நெருங்கியது. ஓடு, ஓடு என்று உடம்பு முழுதும் சொல்லியது. பின்னால் அவன் வருகிறானா, வயலுக்குத் திரும்பிவிட்டானா என்று தெரியவில்லை. யசிந்தா ஒவ்வொரு முறையும் இப்படித் தெரியாமல்தான் நடந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடை மட்டும்தான். எனக்கு அது பிடிக்கவில்லை, பழகவும் இல்லை. ஆனாலும் நடந்தேன். பாதி வழியில் யாரோ என் செருப்பின் குதியை மிதித்தார்கள். வார் அறுந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.