என் இருக்கையில் மணல் மூட்டை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பையன் பழைய ராணுவ ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து நிறுத்தியிருக்கிறான். வைட்ஃபீல்ட் டிராஃபிக்கில் அதை எங்கே ஓட்டுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதோடு சரி. போன வாரம் என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க இந்த லைன்லதானே இருந்தீங்க, ஏறி உக்காருங்க" என்றான். ஏறினேன். வெயிலில் காய்ந்த கான்வாஸும் பெட்ரோலும் கலந்த வாடை. முட்டி வலிக்கிறது என்று உடனே இறங்கிவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, பொய் சொல்லி ஜீப்பிலிருந்து இறங்குவது எனக்குப் புதிதல்ல.

அந்த வாடையோடு எனக்கு மணல் மூட்டைகளின் சணல் வாடையும் சேர்ந்தே வரும். ராணுவத்தின் சிறு வண்டிகளை மேம்படுத்தும் பிரிவில் நான் இளம் இன்ஜினியர். கான்வாஸுக்குப் பதில் இரும்புக் கூரை, அதன் மேல் வயர்லெஸ் சாமான்கள் வைக்க ஒரு சட்டம், அதையெல்லாம் தாங்கக் கெட்டியான ஸ்பிரிங். ஏதோ விமானமே வரைந்தவன் போலச் சட்டைப் பையில் மூன்று பேனாவோடு திரிவேன். சோதனை ஓட்டத்தில் சிப்பாய்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றுவோம். மூட்டைகளுக்கு மேலதிகாரிகளின் பெயர் வைப்பது ஷெட் வழக்கம். பெயர் சூட்டுபவர் டிரைவர் ஆரோக்கியம். ஜீவனஹள்ளிக்காரர், பட்டாளத்தில் ஓட்டிவிட்டு வந்தவர். "மேனேஜர் இன்னிக்கு ரொம்ப கனமா கீறாரு, ரெண்டு பேரா புடிங்கப்பா" என்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாற்றத்தை வரைந்தவன் முதல் ஓட்டத்தில் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டும். யாரும் போட்ட உத்தரவல்ல. கவிழ்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து கவிழட்டும் என்பதுதான். அந்த நம்பிக்கையில்தான் ஆரோக்கியம் சாவியைத் திருப்புவார்.

கூரைச் சட்டத்தின் எடை நான் நினைத்ததைவிட ஏறிவிட்டது. பக்கச் சரிவில் வண்டி நிற்குமா என்று சோதனைக்கு முந்தின நாள் மறுபடி கணக்குப் போட்டேன். நிற்கலாம், கவிழவும் செய்யலாம். ஆனால் பார்ப்பதற்கு டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்துவிட்டார்கள். நாற்காலி போட்டாயிற்று, டீ கொடுத்தாயிற்று. அவர்கள் முன்னால் என் கணக்கு தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வயிறு சரியில்லை என்று இறங்கிக்கொண்டேன். என் இடத்தில் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தார்கள்.

"இன்ஜினியர் சார் இப்பதான் வாய மூடிக்கினு வராரு" என்றார் ஆரோக்கியம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரிவின் பாதியில் வண்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாகத்தான், நிதானித்துப் படுப்பதுபோல. எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த மூட்டை அவர் முழங்காலின் மேல் விழுந்தது.

விசாரணையில், மண் இளகியிருந்தது என்றேன். பிறகு காரணம் சொல்லாமல் சட்டத்தின் எடையைக் குறைத்தேன். நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினார்கள். இனி வண்டி ஓட்ட முடியாத ஆரோக்கியத்தை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சுப் பழத்தோடு போய் நின்றபோது, "நல்ல வேள, நீங்க உள்ள இல்ல சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் தவறாமல் அவர் வீட்டில் கேக்கும் சாப்பிட்டேன்.

போன வாரம் அந்தப் பையனின் ஜீப்பிலிருந்து இறங்கிய மறுநாள் ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஆரோக்கியம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று என் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பதில் தொடங்கி, முந்தின நாள் கணக்குவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"வயிறு நல்லாதான் இருந்துச்சுன்னு தெரியும் சார். காலைல எங்கூடதான ரெண்டு தட்டு இட்லி துன்னீங்க. கியர் போடற வரைக்கும் எதனா சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். "அப்பறமும் பாத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்."



அந்தச் சோதனை மைதானம் இப்போது இல்லை. சரிவைச் சமப்படுத்தி வீடுகள் கட்டிவிட்டார்கள். புது வண்டிகளைக் கம்ப்யூட்டரிலேயே கவிழ்த்துப் பார்த்துவிடுகிறார்களாம். யாரும் யார் பக்கத்திலும் உட்கார வேண்டியதில்லை. நல்லதுதான்.

முன்பெல்லாம் நான் கிளம்பினால் ஆரோக்கியம் என் தோளைப் பிடித்து, காலை இழுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை வருவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். அன்று கட்டிலிலிருந்து எழவில்லை. நான் தெருவில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.